மருந்துக் கடை வாசலில் நிற்கும் தொழிலாளி

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து எய்ம்ஸ், சப்தர்ஜங் ஆகிய இரு பெரும் அரசு மருத்துவமனைகளுக்கும் நடந்தே சென்றுவிடலாம். ஆயினும் அங்கு மீன் வெட்டுகிற, மூட்டை சுமக்கிற தொழிலாளிக்கு வெளிநோயாளிகள் வரிசையில் நிற்பதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. எனவே காய்ச்சலோ முதுகுவலியோ கண்டால் அவர் மருந்துக் கடைக்குப் போகிறார். சீட்டு இல்லை, கையிலுள்ள காசுக்கு நான்கு மாத்திரை. நாட்டின் எந்த நகரிலும் உழைப்பாளியின் வைத்தியம் பெரும்பாலும் இதுதான்.

இதன் விலை பெரிது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் மருந்துகளால் பயனில்லை. வீணே உண்பதால் கிருமிகள்தாம் எதிர்ப்பாற்றல் பெறுகின்றன. நாள்பட்ட இருமலுக்குக் கடைக்காரர் தரும் சிலவகை ஆன்டிபயாடிக்குகள் காசநோயின் அறிகுறிகளைத் தற்காலிகமாக மறைத்து, நோயைக் கண்டறிவதையே தாமதப்படுத்துகின்றன. டைக்ளோபினாக் போன்ற வலிநிவாரணிகளை நாள்தோறும் விழுங்கினால் சிறுநீரகமும் இரைப்பையும் பழுதாகும். டிரமடால் வலியைத் தணிக்கும், அடிமையுமாக்கும். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளை மதுவுடன் சேர்த்தால் மூச்சே அடங்கிவிடக் கூடும். நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

எல்லா மருந்துகளுக்கும் எதிர்ப்புப் பெற்ற கிருமிகளைப் பற்றிய உலக விவாதத்தில் டெல்லியின் பெயரே ஒட்டிக்கொண்டது. ‘நியூ டெல்லி’ என்ற பெயருடன் என்.டி.எம்.-1 நொதி 2010இல் உலகச் செய்தியானபோது, ஒன்றிய அரசு பெயரைக் குறித்தே பெரிதும் சினங்கொண்டது. மறு ஆண்டு வெளியான ஆய்வில், தலைநகரின் 50 குழாய்நீர் மாதிரிகளில் 2இலும், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும் அதன் மரபணு காணப்பட்டது. மாத்திரையே உண்ணாதவரின் குடிநீர்க் குழாய்வரை எட்டிவிட்ட ஆபத்து இது.

சட்டம் இல்லாமலில்லை. 46 மருந்துகளை எச்-1 அட்டவணையில் சேர்த்து, அவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளி பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கப் போதிய ஆய்வாளர்கள் வேண்டாமா? கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2018இல் இதற்கெனச் செயல்திட்டம் வகுத்தது. சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்கும் கடைகள்மீது 2024இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் சோதனைகள் நடத்தியது. அரசு மனம் வைத்தால் இயலும்.

ஆனால் சீட்டு இல்லாதவரை விரட்டினால் மட்டும் போதாது. அவர் எங்கே போவார்? பொதுச் சுகாதாரச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்றது 2017ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கை. ஆண்டு கடந்துவிட்டது, இலக்கு எட்டப்படவில்லை. விற்பனையைப் பெருக்க மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்கு அளிக்கும் சலுகைகளுக்கு எதிராக, மருத்துவ விற்பனைப் பிரதிநிதிகளின் சங்கமே உச்ச நீதிமன்றம் சென்றது. அதற்குப் பின்னரும் 2024இல் ஒன்றிய அரசு வெளியிட்ட நடத்தை விதிகளுக்குச் சட்ட வலிமை தரப்படவில்லை.

சங்கக் கூட்டங்களில் கூலி, போனசுடன் இதுவும் பேசப்பட வேண்டும். தொழிலாளர் பகுதிகளில் மாலைநேர அரசு மருத்துவமனை, அங்கேயே விலையில்லா மருந்து, எச்-1 விதியின் கண்டிப்பான அமலாக்கம், நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஆகிய கோரிக்கைகளைக் கட்சிக் கிளைகள் உடனே கையிலெடுக்க வேண்டும்.