சிறு வைப்பாளரும் வங்கிக் கட்டணங்களும்

வங்கிக் கணக்கு வசதி படைத்தோருக்கு மாத்திரம் உரியதாக இருந்த காலம் மலையேறிவிட்டது. அரச ஊழியரின் சம்பளம், ஓய்வூதியம், கடல் கடந்து உழைப்போர் வீட்டுக்கு அனுப்பும் பணம் எனப் பெரும்பாலானவை இன்று வங்கிக் கணக்கின் வழியாகவே வந்து சேர்கின்றன. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும திட்டத்தின் கொடுப்பனவும் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே வைப்பிலிடப்படுகிறது. இவ்வாறு கணக்கொன்றைத் திறக்குமாறு அரசே மக்களைப் பணிக்கும் நிலையில், அதனை வைத்திருப்பதற்காக அவர்களிடம் கட்டணம் அறவிடுவது நியாயமாகுமா என்ற கேள்வி எழுவது இயல்பானதே.

கணக்கிலுள்ள தொகை ஆகக்குறைந்த மீதியிலும் பார்க்கக் குறைந்தால் ஒரு கட்டணம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம். குறுந்தகவல் சேவைக்கு ஒன்று, வேறொரு வங்கியின் ஏ.ரி.எம். இயந்திரத்தில் பணம் எடுத்தால் இன்னொன்று. வங்கிக்கு வங்கி இவை வேறுபட்டாலும் தனித்தனியே பார்க்கையில் யாவும் அற்பத் தொகைகளே. ஆனால், ஒரு பேச்சுக்கு 1,000 ரூபா மீதியுள்ள கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 3 சதவீதமாயின் கிடைப்பது 30 ரூபா. மாதமொன்றுக்கு 50 ரூபா கட்டணமாயின் ஆண்டில் கழிவது 600 ரூபா. சேமிப்புக் கணக்கு என்று அதற்குப் பெயர்! ஐந்து இலட்சம் ரூபா வைத்திருப்பவரை இக்கட்டணம் தீண்டுவதேயில்லை. ஆகக்குறைந்த மீதி என்ற விதி, கையில் பணம் இல்லாதவரிடம் மட்டுமே பணம் அறவிடும் விதியாகும்.

வங்கிகளின் நியாயத்தையும் நாம் புறந்தள்ளிவிட முடியாது. கிளைக் கட்டடம், காவலர், கணினி வலையமைப்பு என்பவற்றுக்குச் செலவு உண்டு. 2009 இல் யுத்தம் முடிவுக்கு வந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் அடுத்தடுத்துத் திறக்கப்பட்ட கிளைகள் யாவும் முதல் நாளிலிருந்தே இலாபம் ஈட்டியிருக்கும் என எவரும் கூறமாட்டார்கள். எனினும், வைப்பாளர் வங்கியின் சேவையை இதுவரை இலவசமாகப் பெற்று வந்தார் என்ற வாதம் சரியானதல்ல. அவரது பணத்துக்குக் குறைந்த வட்டியைக் கொடுத்து, அதே பணத்தைக் கூடிய வட்டிக்குக் கடனாக வழங்குவதே வங்கித் தொழிலின் அடிப்படை. சாதாரண சேமிப்புக் கணக்கு வங்கிகளுக்கு மலிவாகக் கிடைக்கும் நிதிகளில் ஒன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோது சேமிப்பாளர் இழந்த பெறுமதிக்கு எவரும் பற்றுச்சீட்டு வழங்கவில்லை.

இன்னொன்றையும் இங்கு நினைவூட்ட வேண்டியுள்ளது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு மேற்கொள்ளப்பட்டபோது வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் அதிலிருந்து விலக்களிக்கப்பட்டன. சுமையின் பெரும்பங்கு ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதியங்களின் தலையில் விழுந்தது. அவற்றின் பழைய முறிகளுக்கு ஈடாக வழங்கப்பட்ட புதிய முறிகளுக்கு 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமுமே வட்டி. அடுத்து வந்த 2024 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத்திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்தை வலுப்படுத்த 450 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. வங்கித் துறை சரிந்திருந்தால் வைப்பாளரும் சேர்ந்தே வீழ்ந்திருப்பர் என்பதால், வங்கிகளைப் பாதுகாத்ததை நாம் குறைகூறவில்லை. ஆனால் எவருடைய ஓய்வுகாலச் சேமிப்பு அந்தச் சுமையைத் தாங்கியதோ, அந்தத் தொழிலாளியின் சிறு கணக்கிலிருந்தே கட்டணத்தைக் கழிப்பது எவ்வகையில் முறையாகும்?

அயல்நாடான இந்தியாவின் அனுபவம் இவ்விடயத்தில் கவனிக்கத்தக்கது. ஆகக்குறைந்த மீதி தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை எல்லா வங்கிகளும் வழங்க வேண்டும் என 2012 இல் இந்திய றிசேர்வ் வங்கி பணித்தது. எனினும் ஏனைய சாதாரண கணக்குகளின் மீது தண்டம் விதிக்கும் வழி திறந்தே இருந்தது. 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரையான எட்டு மாதங்களில் பாரத ஸ்டேட் வங்கி இவ்வாறு அறவிட்ட தொகை சுமார் 1,771 கோடி இந்திய ரூபா. அதே ஆண்டின் ஜூலை - செப்டெம்பர் காலாண்டில் அவ்வங்கி ஈட்டிய இலாபத்திலும் பார்க்க இது அதிகம். பலத்த கண்டனத்தின் பின்னர் 2020 மார்ச்சில் அத்தண்டம் கைவிடப்பட்டது. அதனால் அவ்வங்கி நொடித்துப் போய்விடவில்லை.

வங்கியின் வாசலில் தயங்கி நிற்பவர் எங்கே செல்கிறார் என்பதையும் நாம் அறிவோம். வடக்கு, கிழக்கில் நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு முற்றத்துக்கே வந்து கடன் கொடுத்தன. வாராந்தத் தவணை கட்ட முடியாது பெண்கள் பட்ட அவலம், 2018 இல் அரசாங்கமே குறிப்பிட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய நேரும் அளவுக்கு முற்றியது. வங்கிக் கட்டணந்தான் அதற்குக் காரணம் என்று கூறுவது மிகை. ஆனால் ஏழைகளுக்கு அந்நியமாகத் தோன்றும் வங்கி எதுவோ, அது அவர்களை வேறெங்கோ அனுப்பிவைக்கிறது.

சகல சேவைகளும் இலவசமாக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. காசோலைப் புத்தகத்துக்கும் விசேட அட்டைகளுக்கும் வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கல்களுக்கும் வங்கிகள் தாராளமாகக் கட்டணம் அறவிடட்டும். சம்பளம், ஓய்வூதியம், நிவாரணக் கொடுப்பனவு என்பன வந்து சேரும் ஒரு கணக்கு மட்டும் ஆளுக்கொன்றாகக் கட்டணமின்றி இருத்தல் வேண்டும். அதற்கு ஆகக்குறைந்த மீதி கூடாது. சாதாரண அட்டையும் மாதத்தில் சில தடவைகள் எந்த வங்கியின் இயந்திரத்திலும் பணம் எடுக்கும் வசதியும் அதனுடன் சேர வேண்டும். வங்கிகள் தத்தம் விருப்பின்படி வழங்கும் சலுகைகள் இதற்குப் போதா. விருப்பம் மாறினால் சலுகையும் மாறும். கட்டணங்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வரவேற்கத்தக்கதெனினும், அறிவித்துவிட்டு அறவிடுவதும் அறவிடுவதே.

இதற்கெனப் புதிய சட்டமொன்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் கீழ் வங்கிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் மத்திய வங்கிக்கு ஏற்கெனவே உண்டு. அதுவரை அரச வங்கிகளாவது முன்மாதிரியாக இதனைத் தொடங்கலாம். குறிப்பாக, 1832 இல் தோன்றிய இலங்கை சேமிப்பு வங்கியையும் 1885 இன் தபாற் சேமிப்பு வங்கியையும் உள்வாங்கி உருவான தேசிய சேமிப்பு வங்கி, சிறு சேமிப்பாளருக்காகவே ஏற்படுத்தப்பட்ட நிறுவனமாகும். அதன் பணிப்பாளர் சபை மனம் வைத்தால் அடுத்த மாதமே இதனை ஆரம்பிக்க முடியும்.