சரக்கு ஒன்று, சட்டை ஐம்பத்திரண்டு!

ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பு ஒன்றில் டிரம்மில் வேலை செய்யும் நம் தோழர் ஒருவரின் மகன், சமீபத்தில் சென்னையில் ஒரு படக்கதைக் கண்காட்சிக்குப் போய்வந்தான். கையில் மூன்று அமெரிக்கப் படக்கதைப் புத்தகங்கள். தோழர் வாங்கிப் புரட்டினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது; படம் பார்க்கத் தெரியும்.

“ஏம்பா, மூணும் ஒண்ணாட்டம் இருக்குதே?”

“அட்டை வேற நைனா.”

“உள்ளே?”

“உள்ளே ஒண்ணுதான்.”

தோழரின் இரண்டு நாள் கூலி அதில் போயிருந்தது. பையனை அவர் திட்டவில்லை. நேரே நம்மிடம் வந்து, “இது என்ன வியாபாரம், கொஞ்சம் விசாரித்து எழுதுங்கள்” என்றார். விசாரித்தோம். விசாரித்த வரை எழுதுகிறோம்.

கூலி உயர்வும் பஞ்சப்படியும் எழுத வேண்டிய பக்கத்தில் பொம்மைப் புத்தகமா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக் கூடும். பொம்மைப் புத்தகத்தை நாம் இளப்பமாக நினைக்கவில்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியதும், அதன் முதல் கதையான ‘இரும்புக்கை மாயாவி’யை எத்தனை உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்! முடிதிருத்தும் கடை பெஞ்சில் ஒரு பிரதி கிடந்தால் தெருவே படித்தது. கடைசியில் அட்டையே இருக்காது. கதை இருந்தது, அது போதும். நாம் கேட்பது வேறு. கதையை விற்க வந்தவன், கதையை மூலையில் வைத்துவிட்டு அட்டையை விற்பது ஏன்?

வியாபாரிகள் இதற்கு ‘வேரியண்ட் கவர்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். 1986-ல் அமெரிக்காவின் டி.சி. கம்பெனி, சூப்பர்மேன் கதையின் புதிய வரிசை ஒன்றின் முதல் இதழை இரண்டு அட்டைகளில் போட்டது. கைக்கு ருசி கண்டுவிட்டது. 1991-ல் மார்வெல் கம்பெனி ‘எக்ஸ்-மென்’ முதல் இதழை ஐந்து அட்டைகளில் போட்டது. நான்கு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே படமாகச் சேரும். ஐந்தாவது அட்டையில் அந்த முழுப் படமும் மடித்து வைக்கப்பட்டிருக்கும், அதற்கு விலையும் கூடுதல். ஐந்திலும் கதை ஒன்றே! 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று, கின்னஸ் புத்தகத்தில் ஏறிற்று. 2013-ல் டி.சி. இன்னும் ஒரு படி ஏறியது. அமெரிக்காவின் 50 மாநிலங்கள், தலைநகர், போர்ட்டோ ரிக்கோ என்று ஒவ்வொன்றின் கொடியையும் வைத்து ஒரே இதழுக்கு 52 அட்டை! தேசபக்தியையும் அட்டையில் ஒட்டி விற்றுவிட்டார்கள். 2015-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் இதழுக்கு அறுபதுக்கும் மேல்.

நம் பகுதித் தோழர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. உண்ணிக் கடியும் முள் கீறலும் நிறைந்த மாட்டுத் தோல் வருகிறது. பஃப்பிங் மெஷினில் மேல்பரப்பைத் தேய்த்து எடுக்கிறோம். கலர் ஸ்பிரே அடிக்கிறோம். சூடான பிளேட்டின் கீழே அழுத்தினால் இல்லாத ரேகை வந்துவிடுகிறது. பிளேட்டை மாற்றினால் அதே சரக்கு வேறு ரகம், வேறு பெயர். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபினிஷிங்கில் நிற்கிறவன் உழைக்கிறான், அந்தத் தோல் கடைசியில் ஒரு காலைக் காக்கும் செருப்பாகிறது. மூன்றாவது அட்டை எதைக் காக்கிறது?

இனி கணக்குக்கு வருவோம். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. 80 லட்சம் பிரதி ‘போயிற்று’ என்றோம். எங்கே போயிற்று? வாசகன் வீட்டுக்கு அல்ல, கடைக்காரன் அலமாரிக்கு! அந்த நாட்டில் படக்கதைக் கடைக்காரன் வாங்கிய சரக்கைப் பெரும்பாலும் திருப்பி அனுப்ப முடியாது. நம் பத்திரிகையைத் தோளில் சுமந்து விற்கும் தோழர்களுக்குத் தெரியும், விற்காத பிரதி என்றால் என்ன கவலை என்று. அந்தக் கவலையைக் கம்பெனி மொத்தமாகச் சில்லறைக் கடைக்காரன் தலையில் இறக்கிவிட்டது. அதற்கு மேல் ஒரு நிபந்தனை: சாதாரண அட்டையில் 25 பிரதி எடுத்தால்தான் ஓர் அபூர்வ அட்டை கிடைக்கும். சிலவற்றுக்கு 50, சிலவற்றுக்கு 100.

ஒரு கடைக்காரனை எடுத்துக்கொள்வோம். புத்தகம் 4 டாலர். அவனுக்கு ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கிறது. அவன் ஊரில் 10 பேர்தான் வாங்குவார்கள். ஓர் அபூர்வ அட்டைக்காக 25 எடுக்கிறான். கையிலிருந்து போனது 50 டாலர். பத்து விற்று வந்தது 40. பதினைந்து பிரதி தூசி படிகிறது. கடை வாடகை, விளக்குக் கட்டணம் தனி. நஷ்டத்தை ஈடுகட்ட அந்த ஒற்றை அட்டைக்கு 30, 40 டாலர் என்று விலை வைக்கிறான். யார் தலையில் விழுகிறது? ‘எல்லாம் சேர்த்தாக வேண்டும்’ என்று பித்துப் பிடிக்கவைக்கப்பட்ட பையன் தலையில். கம்பெனியோ 25 பிரதிக்கும் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, “விற்பனை அமோகம்” என்று பங்குச் சந்தையில் முரசு கொட்டுகிறது!

பையனை எப்படி மயக்கினார்கள்? “இன்று வாங்கி வை, நாளை பொன்னாகும்” என்றார்கள். 1938-ல் வெளிவந்த சூப்பர்மேன் முதல் கதைப் புத்தகத்தின் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மை. அது ஏன் அவ்வளவு விலை? பிள்ளைகள் படித்துக் கிழித்தார்கள், யுத்த காலத்தில் பழைய காகிதத்துக்குப் போட்டார்கள், மிஞ்சியது கொஞ்சம். லட்சக்கணக்கில் அச்சிட்டு, எல்லாரும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் புத்தகம் எந்தக் காலத்தில் அபூர்வமாகும்? 1991-ன் அந்த ‘எக்ஸ்-மென்’ இதழ் இன்றும் அற்ப விலைக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. அந்த சூப்பர்மேனைப் படைத்த சீகல், ஷூஸ்டர் என்ற இரண்டு ஏழை வாலிபர்கள் உரிமையைக் கொடுத்துப் பெற்ற தொகையையும் சொல்லிவிடுகிறோம்: 130 டாலர்.

பிறகு நடந்தது என்ன? 1989-ல் ரொனால்ட் பெரல்மேன் என்ற நிதி முதலாளி 8 கோடியே 25 லட்சம் டாலருக்கு மார்வெலை வாங்கியிருந்தார். 1991-ல் பங்கை வெளியில் விற்றார். 1993-ல் சந்தை சரிந்தது. மூட்டை மூட்டையாகச் சரக்குத் தேங்கி, ஆயிரக்கணக்கான சிறு கடைகள் கதவைச் சாத்தின. 1996 ஜனவரியில் மார்வெல் 275 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதே ஆண்டு டிசம்பர் 27-ல் திவால் மனுப் போட்டது. அட்டை ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. கடன் வாங்கி விளையாட்டுச் சீட்டுக் கம்பெனிகளை வாங்கிய பேராசையும் சேர்ந்தது. ஆனால் அந்தப் பங்கு விலை ஏறியதும், அந்தக் கடன் கிடைத்ததும் எதைக் காட்டி? வாசகன் இல்லாத விற்பனையைக் காட்டி! கம்பெனி செத்ததா? இல்லை. 2009-ல் டிஸ்னி 400 கோடி டாலருக்கு அதை வாங்கியது. அந்த 275 பேரை யார் வாங்கினார்கள்?

புத்தி வந்ததா என்றால், அதுவும் இல்லை. இப்போது புத்தகத்தை உறையில் மூடியே விற்கிறார்கள். உள்ளே எந்த அட்டை என்று வாங்கிப் பிரித்த பிறகுதான் தெரியும். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள். அதற்குள் எத்தனை உழைப்பாளி குடும்பங்களின் அடுப்பு அணைந்தது என்பது நமக்குத் தெரியும். இது பிள்ளைகளுக்கான லாட்டரி. சீட்டில் படம் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

“யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, விருப்பமுள்ளவன் வாங்குகிறான்” என்று சில கனவான்கள் வாதாடுகிறார்கள். பிள்ளைப் பருவத்து ஆசையைத் தூண்டிவிட்டு, ‘இன்றைக்கு விட்டால் கிடைக்காது’ என்று மிரட்டுவது எந்த ஊர் விருப்பம்? “சித்திரக்காரருக்கு வேலை கிடைக்கிறதே” என்கிறார்கள். கிடைக்கட்டும், நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருபது பக்கம் ராப்பகலாக வரைகிறவன் பெயரைச் சொல்லி எத்தனை பேர் வாங்குகிறார்கள், மேலே ஒரு படம் போட்டவன் பெயரைச் சொல்லி எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று கடையில் நின்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

நம் தீப்பெட்டியிலும் பூனை, புலி, சேவல் என்று எத்தனையோ லேபிள் வந்தது. 2021 டிசம்பர் வரை எந்த லேபிளானாலும் பெட்டி ஒரு ரூபாய்தான், பிறகு இரண்டு. லேபிள் சேர்த்த பிள்ளைகள் தெருவில் கிடந்த காலிப் பெட்டியைப் பொறுக்கினார்கள். அப்பன் கூலியில் கை வைக்கவில்லை.

2022 ஜனவரியில் அதே அமெரிக்காவில் இமேஜ் காமிக்ஸ் அலுவலக ஊழியர்கள் ஓட்டெடுப்பில் ஜெயித்துச் சங்கம் அமைத்தார்கள். கதாநாயகர்களின் படத்தை ஊர் ஊராக அனுப்புகிற கைகள் அவை. இந்தச் செய்தியைத் தோழரின் மகனிடம் சொன்னோம். அது அவனுக்குத் தெரியாது. அந்த மாதம் எந்தெந்த அட்டை வந்தது என்று மட்டும் தெரிந்திருந்தது.

பிறகு அவனாகவே ஒரு பிரதியை நம் படிப்பகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தான். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கும்போது கொஞ்சம் தயங்கினான். ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண் பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அட்டையில் ஒரு மூலை இரண்டாம் நாளே போய்விட்டது.