கோதுமையும் கூடாது, முந்திரியும் கூடாது... கேக் மட்டும் வேணும்!



போன ஆவணியில் என் தங்கை பிள்ளையோடு வந்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தாள். பையனுக்கு 7 முடிந்து 8 பிறக்கப் போகிற சமயம். முந்திரி, பிஸ்தா வாயில் பட்டாலே உதடு வீங்கிவிடும் பிள்ளை. பாதாம், அக்ரூட், வேர்க்கடலை எதுவும் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் உத்தரவு. போதாக்குறைக்கு வயிற்றுத் தொந்தரவு வேறு. அது எதனால் என்று கண்டுபிடிக்க, 6 வாரம் அரிசி, கோதுமை, கேழ்வரகு, சோளம் என்று எந்தத் தானியமும் வேண்டாம், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த 6 வாரத்துக்குள் பிறந்த நாள் வந்து நின்றது!

"பெரியம்மா, எனக்கு இந்த வருஷம் கேக் உண்டா, கிடையாதா?" என்று கேட்டானே பார்க்கணும். "உண்டுடா கண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

தானியம் இல்லாத கேக் என்றால் எல்லோரும் பாதாம் மாவைத்தான் சொல்கிறார்கள். நமக்கோ அதுவும் கூடாது. தேங்காய் மாவையும் கூவைக்கிழங்கு மாவையும் சேர்த்துச் செய்தேன். நன்றாகத்தான் வந்தது. இரண்டு வாய் தின்றவன், "பெரியம்மா, தொண்டை என்னவோ பண்ணுது" என்றான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்து, விடாமல் இருமல். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொடையில் ஊசி போட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

மாவில் ஒரு குற்றமும் இல்லை. சர்க்கரையும் ஏலக்காயும் பொடித்த மிக்ஸி ஜார், முந்தின நாள் குருமாவுக்கு முந்திரி அரைத்த ஜார்! கழுவித்தான் கவிழ்த்திருந்தேன். பிளேடுக்கு அடியில் ஒட்டியிருந்ததை யார் கண்டது? தங்கை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நீ வேணும்னா செஞ்சே, அக்கா" என்றாள். அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்றது.

அன்று முதல் மாவு விஷயத்தில் நான் விசாரித்து, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் டாக்டரைக் கேளுங்கள்

கோதுமை மட்டும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அரிசி மாவிலும் கேழ்வரகு மாவிலும் தாராளமாகக் கேக் செய்யலாம். எல்லாத் தானியத்தையும் நாமாக நிறுத்திவிட்டால் வளரும் பிள்ளை இளைத்துப் போகும். டாக்டர் நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்த வேண்டும்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நம் தமிழில் எல்லாமே 'கடலை'! வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை. கடலை மாவு கடலைப் பருப்பில் அரைப்பது. அது பயறு வகை. தானியமும் இல்லை, முந்திரி, பாதாம் வகையும் இல்லை. ஆனால் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத சிலருக்கு வேறு பயறும் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

தேங்காய் விஷயத்தில் வெள்ளைக்காரர்களுக்கே குழப்பம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை பாதாம், முந்திரியோடு ஒரே பட்டியலில் வைத்திருந்து, 2025 ஜனவரியில்தான் எடுத்தது. முந்திரி ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தேங்காய் ஒன்றும் செய்வதில்லை. அபூர்வமாகச் சிலருக்குத் தேங்காயே ஆகாது. உங்கள் பிள்ளை சட்னி, குழம்பில் ஏற்கெனவே தேங்காய் சாப்பிட்டு வருகிறதென்றால் கவலை வேண்டாம்.

எந்த மாவு எதற்கு?

தேங்காய் மாவு: தேங்காய்ப் பால் பிழிந்த சக்கையைக் காயவைத்துப் பொடித்துச் சலித்தால் வீட்டிலேயே கிடைக்கும். தண்ணீரை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சும். 1 கப் மைதாவுக்குக் கால் கப்பே போதும். முட்டையும் கூடுதலாக வேண்டும்.

கூவைக்கிழங்கு மாவு: குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் கஞ்சி காய்ச்சுவோமே, அந்த ஆரோரூட். தனியாகப் போட்டால் கேக் பசை மாதிரி ஆகிவிடும். தேங்காய் மாவோடு சேர்ந்தால் உதிராமல் பிடித்துக்கொள்ளும். ஆரோரூட் கேட்டால் கார்ன்ஃப்ளாரை எடுத்து நீட்டும் கடைக்காரரும் உண்டு. அது மக்காச்சோளம், தானியம்! பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள்.

ஜவ்வரிசி: மணி மணியாக இருப்பதால் தானியம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் சேலம் பக்கத்து ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்வது. பொடித்து, கூவை மாவுக்குப் பதிலாகப் போடலாம்.

சிங்காடா, ராஜ்கிரா, குட்டு: வடக்கே நவராத்திரி விரதத்தில் தானியம் தொடாதவர்கள் சாப்பிடும் மாவுகள். சிங்காடா குளத்தில் விளையும் ஒரு காய். ராஜ்கிரா நம் தண்டுக்கீரை இனத்தின் விதை. குட்டு மாவு பழசானால் கெட்டு வயிற்றைக் கெடுக்கும், சிலருக்கு அதுவே அலர்ஜி. புதிதாகப் பார்த்து, முதலில் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.

சூரியகாந்தி விதை மாவு: பாதாம் மாவு போட்டுச் செய்யும் எதற்கும் அதே அளவு இதைப் போடலாம். சோடா உப்பு சேர்ந்தால் கேக் உள்ளே பச்சையாகிவிடும். பயப்பட வேண்டாம், கெடுதல் இல்லை. எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டால் நிறம் மாறுவது குறையும். முந்திரி, பாதாம் அடைக்கும் இடத்திலேயே இதையும் அடைப்பதுண்டு. அந்த எச்சரிக்கை பாக்கெட்டில் இருந்தால் வாங்காதீர்கள்.

பேக்கிங் பவுடரிலும் பெரும்பாலும் கார்ன்ஃப்ளார் இருக்கும். அதனால்தான் நான் சோடா உப்பும் எலுமிச்சையும் போடுகிறேன். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பதுண்டு, சமையலில் கவனம்.

தேங்காய் - கூவை கேக்

தேவையானவை: தேங்காய் மாவு அரை கப், கூவைக்கிழங்கு மாவு கால் கப், முட்டை 4, நாட்டுச் சர்க்கரை அரை கப், கெட்டித் தேங்காய்ப் பால் அரை கப், தேங்காய் எண்ணெய் கால் கப், சோடா உப்பு அரை டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், ஏலக்காய்ப் பொடி, உப்பு ஒரு சிட்டிகை.

செய்முறை: மாவு, சோடா, உப்பு, ஏலப்பொடி எல்லாவற்றையும் சேர்த்து 2 முறை சலிக்கவும். முட்டையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, பால், எண்ணெய் விடவும். மாவைச் சேர்த்துக் கலந்து 5 நிமிடம் ஊற விடவும். கடைசியில் எலுமிச்சைச் சாறு விட்டு, உடனே 6 அங்குலத் தட்டில் ஊற்றி, சூடாக்கி வைத்த அவனில் 175 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் வைக்கவும். குச்சி குத்தினால் ஒட்டாமல் வரவேண்டும். நன்றாக ஆறிய பிறகே வெட்டுங்கள், சூட்டில் உதிரும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு இந்தக் கேக் சரிப்படாது, எழும்பாது. அவர்கள் சிங்காடா மாவில் அல்வா கிளறிப் பிள்ளைக்கு விளக்கேற்றலாம்.

மறக்கவே கூடாதவை

அந்தப் பிள்ளைக்கென்று ஜார், சல்லடை, கரண்டி தனியாக வையுங்கள். கோதுமையும் வேர்க்கடலையும் அரைபடும் மில்லில் அவன் மாவை அரைக்காதீர்கள். எதையாவது தின்றபின் உதடு வீங்கி, இருமல், மூச்சுத் திணறல், வாந்தி வந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அட்ரினலின் ஊசிதான் அதற்கு முதல் மருந்து.

பத்து நாள் கழித்துப் புது ஜாரில் பொடித்து மறுபடியும் அதே கேக் செய்தேன். தட்டை வாங்கினவன் வாயில் வைக்காமல், "ஜார் புதுசுதானே, பெரியம்மா?" என்று கேட்டான். "புதுசுதாண்டா" என்று எடுத்து வந்து காட்டிய பிறகே தின்றான். 6 வாரம் முடிந்து அரிசி அவன் தட்டுக்குத் திரும்பிவிட்டது, கோதுமைதான் ஆகவில்லை. இருந்தாலும் இந்த வருஷப் பிறந்த நாளுக்கும் அந்தக் கேக்தான் வேண்டுமாம். ஜாரை இப்போதே பரண் மேல் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.