அவன் சாமானா?

"பையன் கவனமா இல்ல சார்." கட்டட வேலையில் வெல்டிங் அடிக்கிறவனுக்கு என்ன ஆனாலும் காண்ட்ராக்டரும் வீட்டுக்காரரும் சொல்லும் பதில் இதுதான். நான் ஒப்பமாட்டேன்.

எங்கள் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குள் பீடியோடு யாரையும் விடுவார்களா? பொறியின் குணம் தெரிந்த ஊர். அதே ஊரில் மாடியில் தகரக் கொட்டகை போடுகிறவன் வெறுங்கண்ணோடு, ரப்பர் செருப்போடு, வியர்வையில் நனைந்த சட்டையோடு ராடு பிடிக்கிறான். கீழே காய்ந்த சாக்கு கிடக்கிறது.

அந்த வெளிச்சத்தின் புற ஊதாக்கதிர் கருவிழியைச் சுடும். உடனே தெரியாது. நடுராத்திரியில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். நான் பிரெஞ்சில் படித்தவன். அதில் இதை 'கூ தார்க்' என்பார்கள், வில்லடி என்று சொல்லலாம். இங்கே தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை என்கிறார்கள். டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போய்விடுமே! புகையையும் 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது.

கட்டடத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் வந்தது, மத்திய சட்டம் 1996இல். பிளான் அப்ரூவலுக்குப் போனால் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று நலநிதிக்கு. ஆயுசெல்லாம் கோப்பு தள்ளியவன் சொல்கிறேன், காகிதத்தில் குறையே இல்லை.

கிரானைட்டுக்குக் கணக்குப் பார்க்காதவர், கறுப்புக் கண்ணாடி வைத்த முகக்கவசம் என்றால் "அது அவன் சாமான்" என்கிறார். கட்டடம் உங்களுடையது, கரண்டும் உங்களுடையது. கண் மட்டும் அவனுடையதா? பேசி முடிக்கும்போதே முகக்கவசம், தோல் கையுறை, ஒரு வாளி மணல் என்று எழுதி வாங்குங்கள். அவை வந்து சேரும்வரை மெஷினுக்கு லைன் கொடுக்காதீர்கள்.