யாருடைய உடலில் பழகுகிறார்கள்?

பிரிட்டனில் மருத்துவம் படிப்பவர்கள் கடைசி ஆண்டுகளில் சில வாரங்கள் தாங்கள் விரும்பும் இடத்தில் பயிற்சி பெறலாம். ‘எலக்டிவ்’ என்பார்கள். ஆப்பிரிக்காவின் கிராமப்புற மருத்துவமனைகளுக்குப் போகிறவர்கள் நிறைய. காரணத்தைப் பலர் ஒளிப்பதுகூட இல்லை: அங்கே ‘கையால் செய்து பார்க்க’ வாய்ப்பு அதிகம். இந்தச் சொல்லை நாம் சும்மா கடந்துபோக முடியாது. செய்து பார்ப்பது யாருடைய உடலில்?

மலாவியை எடுத்துக்கொள்வோம். 1964இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. அதற்கென்று ஒரு மருத்துவக் கல்லூரி 1991இல்தான் பிளான்டயரில் வந்தது. மாவட்ட மருத்துவமனைகளில் பெரும்பாலான சிசேரியன்களைச் செய்பவர்கள் டிப்ளமோ படித்த ‘கிளினிக்கல் ஆபீசர்’கள். நோயாளிக்குச் சமைத்துப் போடுவதும் துணி துவைப்பதும் கூட வந்த உறவினர்தான். அந்த வார்டுக்குள் சிச்சேவா மொழியில் ஒரு வார்த்தை தெரியாத மாணவர் ஒருவர் வெள்ளைக் கோட்டோடு நுழைகிறார். கட்டிலில் இருக்கும் பெண் அவரைப் பெரிய டாக்டர் என்றே நினைக்கிறார். ‘நான் மாணவர்தான், வேண்டாமென்றால் சொல்லுங்கள்’ என்று அவரால் சொல்ல முடியாது. மொழிபெயர்க்க வேண்டிய நர்ஸோ இன்னும் எத்தனையோ கட்டில்களைப் பார்க்க வேண்டும். தன் ஊரில் மேற்பார்வை இல்லாமல் செய்ய முடியாத ஒன்றை இங்கே செய்துவிட இதைவிடத் தோதான சூழல் எது?

போகிறவர்கள் நல்ல மனதோடுதான் போகிறார்கள். (நல்ல மனது இருந்தால் போதும் என்ற வாதத்தை நாம் சேரிகளில் கேட்காததா?)

1840களில் அலபாமாவில் ஜே. மேரியன் சிம்ஸ் அடிமைப் பெண்களின் உடலில், மயக்க மருந்து கொடுக்காமல், திரும்பத் திரும்ப அறுவைச் சிகிச்சை செய்தே ‘நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை’ ஆனார். அந்தப் பெண்களில் அனார்க்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டுமே மிஞ்சின. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்து அவர் சிலை 2018இல்தான் அகற்றப்பட்டது. இன்றைய மாணவரும் சிம்ஸும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாதவர் உடலில் பழகிக்கொள்வது என்ற ஏற்பாடு அறுந்துபோய்விடவில்லை. அரசு மருத்துவமனைக் கட்டிலில், ஒரு வார்த்தை கேட்காமல் போர்வையை விலக்க, சுற்றி நிற்பவர்கள் நடுவே படுத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நெறிமுறைகள் இல்லாமல் இல்லை. 2010இல் ஒரு பன்னாட்டுப் பணிக்குழு வெளியிட்டவை இருக்கின்றன: தன் திறனின் எல்லையைத் தாண்டாதே, ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனைக்கு ஆகும் செலவை ஈடுசெய். ஆனால் அவை பரிந்துரைகள்தாம். மீறினால் அந்தப் பெண் யாரிடம் போய்க் கேட்பார்?

பிளான்டயர் மாணவர் அதேபோல் சில வாரம் லண்டனில் பயில நினைத்தால் விசா, விமானக் கட்டணம், தங்குமிடம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் தோழர்கள், அனுப்பும் கல்லூரியிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நான் மாணவர் என்பதை நோயாளிக்கு அவர் மொழியில் யார் சொல்வார்? அங்கிருந்து இங்கே பயில வருவது யார், அவருக்குப் பணம் கட்டுவது யார்?