சக்கரம் ஏன் சுற்றுகிறது?

காலை 11 மணி. ஸ்லீப்பர் வகுப்புக்குத் தட்கல் திறந்துவிட்டது. பெயர், வயது எல்லாம் நிரப்பி பட்டனைத் தட்டினால் சக்கரம் சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் கிடைப்பது வெயிட்டிங் லிஸ்ட். உடனே வீட்டில் பட்டிமன்றம். ‘போன் பழசு’ என்கிறார் அப்பா. ‘வைஃபை சரியில்லை’ என்கிறாள் மகள். ‘அவங்க சர்வரே அப்படித்தான்’ என்கிறார் மாமா.

யார் சொல்வது சரி என்று அளந்தே பார்த்துவிடலாம். அதற்கான கடிகாரம் கணினியின் பெரும்பாலான பிரவுசர்களில் இலவசமாகவே இருக்கிறது.

கணினியில் குரோமைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். ‘நெட்வொர்க்’ பகுதிக்குப் போய், பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யுங்கள். வரிசையாக வரிகள் வந்து விழும். நாம் ஒரே பக்கம் என்று நினைப்பது உண்மையில் படம், எழுத்துரு, நிரல் என்று பல தனித்தனிக் கோரிக்கைகள். ஏதாவது ஒரு வரியைத் தட்டி ‘டைமிங்’கைப் பாருங்கள். அந்த ஒரு கோரிக்கை எங்கெங்கே எத்தனை மில்லி விநாடி நின்றது என்று பட்டை பட்டையாகத் தெரியும்.

முதலில் பிரவுசருக்குள்ளேயே வரிசையில் நிற்கும் நேரம். பிறகு தளத்தின் முகவரியைத் தேடும் டி.என்.எஸ். அப்புறம் இணைப்பு, பாதுகாப்புப் பூட்டு. கோரிக்கை கிளம்பிய பின் பதிலின் முதல் துளி வரும்வரை காத்திருப்பு. கடைசியாக டவுன்லோடு.

இதில் கவனிக்க வேண்டியது காத்திருப்பைத்தான். ஆனால், அது நீண்டிருந்தாலே சர்வர் மீது பழி போட்டுவிடக் கூடாது. தகவல் போய்த் திரும்பும் பயண நேரமும் அதற்குள் அடக்கம். கண்ணாடி இழையில் ஒளியே விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்குப் போய்வர 130 மில்லி விநாடிக்குக் குறையாது. பூட்டு போடும் நேரம் நீங்கலாக, இணைப்புக்கு ஆன நேரம் ஏறத்தாழ ஒருமுறை போய்வரும் நேரம். அதைக் காத்திருப்பிலிருந்து கழியுங்கள். இணைப்புக்கு 40, காத்திருப்பு 3,000 என்றால் மாமா சொன்னதே சரி. புது போன் வாங்கியும் பயனில்லை. இணைப்பே 800 என்றால் மகள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். எல்லாம் சட்டென்று முடிந்தும் திரை திணறினால்? அப்பா சிரித்துக்கொள்ளலாம்.

‘டிஸேபிள் கேஷ்’ டிக் செய்து அளப்பது நல்லது. இல்லையென்றால், முன்பே சேமித்து வைத்ததைக் காட்டி பிரவுசர் வேகம் போல ஏமாற்றிவிடும்.

தளம் நடத்துபவர்கள் சராசரியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதுதான் வேதனை. 99 பேருக்கு அரை விநாடி, ஒருவருக்கு 20 விநாடி என்றாலும் சராசரி முக்கால் விநாடியைத் தொடாது. அந்த ஒருவர் ஆஸ்பத்திரி டோக்கனுக்காக முயன்றவராக இருக்கலாம். அவருடைய கோரிக்கையைத் தனியாக எடுத்துப் பார்த்தால்தான் கோளாறு தெரியும்.

போனிலும் அளக்கலாம். ஆண்ட்ராய்டில் ‘யூஎஸ்பி டீபக்கிங்’ ஆன் செய்து கேபிளால் கணினியில் இணைத்தால், போனின் குரோமில் திறக்கும் பக்கங்களைக் கணினியிலிருந்து அளந்துவிடலாம். முடிந்ததும் மறக்காமல் ஆஃப் செய்யுங்கள்.

புகார் அனுப்பும்போது டைமிங் பட்டையின் ஸ்கிரீன்ஷாட் போதும். ‘ஹெச்.ஏ.ஆர்’ என்ற கோப்பாகவும் சேமிக்கலாம்தான். ஆனால் அதற்குள் உங்கள் லாகின் குக்கீகள் இருக்கக்கூடும். கேட்பவர் யாரென்று தெரியாமல் அதை அனுப்பாதீர்கள்.