எழுத்தறிவும் மின்தேக்கியும்

எழுத்து என்பது நூலேட்டில் மட்டும் உறைவதன்று. பொருள் குறித்து மக்கள் இட்ட அடையாளம் யாதாயினும் அஃது எழுத்தேயாம். இங்ஙனமாகவும், கற்றோர் பலர் தம் இல்லத்து மின்விசிறி சுழலாது நின்றவிடத்து, அதனுட் பொருந்திய மின்தேக்கியின்மேல் எழுதப்பட்டவற்றைப் படிக்க முயலாமலே, "இது மெக்கானிக்கின் வேலை" எனக் கூறி அகல்கின்றனர். இஃது எழுத்தறிவுக்கு இழுக்கு என்பதே என் கருத்து.

கடைவீதியில் 'கண்டென்சர்' என வழங்கும் மின்தேக்கி, மின்னூட்டத்தைத் தேக்கி வைத்து விடுவிப்பது. அதன் கொள்ளளவை அளக்கும் 'பாரட்' என்னும் அலகு, மைக்கேல் பாரடே (1791–1867) என்னும் ஆங்கில அறிஞரின் பெயரால் அமைந்தது. அது மிகப் பெரிதாதலின், அதன் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய மைக்ரோபாரடும், அதனினும் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய பிக்கோபாரடும் வழக்கில் உள.

சிறு வில்லை போன்ற மின்தேக்கியில் 104 என்றிருப்பின், நூற்றுநான்கு எனப் படித்தல் பிழை. முதலிரண்டு இலக்கங்கள் எண். மூன்றாவது, பின்னே இடவேண்டிய சுழிகளின் தொகை. பத்தின்பின் நான்கு சுழிகளை இட, 1,00,000 பிக்கோபாரட், அஃதாவது 0.1 மைக்ரோபாரட் ஆகும். அடுத்து நிற்கும் ஜே, கே, எம் என்னும் எழுத்துக்கள், அளவு முறையே நூற்றுக்கு 5, 10, 20 ஏறவோ குறையவோ கூடும் என்பதைக் காட்டும். மின்தடையிற் கே என்பது ஆயிரம். இங்கோ வழுவின் வரம்பு. இடத்தாற் பொருள் வேறுபடுதல் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. ஏட்டுச் சுவடிகளிற் புள்ளியின்மையானும், எகர ஏகார வேறுபாடு தோன்றாமையானும், பதிப்பித்தோர் இடம் நோக்கியன்றோ சொல்லைத் துணிந்தனர்? 470 என்னும் குறி முறைப்படி 47 பிக்கோபாரட். சிலவற்றிலோ 470 எனவே கொள்ளக் கிடக்கும். ஆண்டும் இடமும் அளவைக் கருவியுமே துணையாம்.

பிழைபடப் படித்தலால் வருங்கேடு சிறிதன்று. உருளை வடிவினதாகிய எலக்ட்ரோலிட்டிக் வகையிற் பக்கத்துக் கோடு எதிர்முனையைக் குறிக்கும்; டான்டலம் வில்லைகளிலோ கோடு நேர்முனையைக் குறிக்கும். முனை மாறின் வெடித்தலும் உண்டு. மின்விசிறியில் 2.5 மைக்ரோபாரட், 440 வோல்ட் என்றிருப்பின், புதியதன் கொள்ளளவும் அதுவேயாதல் வேண்டும். வோல்ட் வரம்பு மிகலாம், குறைதலாகாது. எக்ஸ்2 என்னுங் குறி, வீட்டு மின்வழியின் குறுக்கே இணைத்தற்கேற்ற காப்புடைமையைக் காட்டுவது. அவ்விடத்துக் குறியற்ற மலிவுப் பொருளை இடுதல் தீயை அழைத்தலாகும்.

"அங்ஙனமாயின் யாவரும் மெக்கானிக்காதல் வேண்டுமோ?" எனின், அன்று. இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் மின்னாற்றல் தங்கியிருத்தல் கூடும்; பயிற்சியில்லார் தொடுதல் தகாது. யான் வேண்டுவது படிக்கும் அறிவு ஒன்றே. அஃதுடையான் பொருந்தாத உறுப்பை விலைக்கு வாங்கான். சிற்றுறுப்பொன்றின் பொருட்டு முழுக்கருவியையும் குப்பையில் எறியான். பழுது நீக்குவோரின் திறத்தையும் உள்ளவாறு மதிப்பான். பட்டம் பெறாத தொழிலாளர் பலர் இவ்வெழுத்தைத் தவறின்றிப் படிக்க, பட்டத்தை நாடும் நாம் அதன்முன் கல்லாதாராய் நிற்றல் தகுமோ?

ஆதலின், நண்பர்காள்! பௌதிக மாணவர் பொருளை விளக்க, தமிழ் மாணவர் அதனைத் தெளிந்த தமிழில் எழுத, இக்குறியீடுகளைக் கூறுஞ் சிறு கையேடொன்று நம் கல்லூரியினின்று வெளிவருதல் வேண்டும். சுவடியைப் படித்த கண்ணுக்கு இதுவும் எட்டாததன்று.